மாடல், பி.ஓ.கியூ., வேலை அட்டவணை, கணக்கு: நிர்மாணத் திட்டமொன்றின் மென்பொருள்களை இணைக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பில் அடுக்குமாடி எழும்பும் எந்த சைட்டிலும் இன்று மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆர்க்கிடெக்ட் ஆர்க்கிகேடில் வரைகிறார். ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் ரெவிட்டிலோ டெக்லாவிலோ வேலை செய்கிறார். குழாய், மின் வேலைக்கு வந்த சப் கொன்ட்ராக்டர் இன்னும் ஆட்டோகேட்டை விடவில்லை. அளவும் செலவும் கணக்கிடும் கியூ.எஸ். எக்செலில், வேலை அட்டவணை போடும் பிளானர் பிரைமவேராவில், கணக்குப் பிரிவு கம்பனியின் கணக்கு மென்பொருளான ஈ.ஆர்.பி.யில், சைட் முழுக்க வாட்ஸ்அப்பில். தனித்தனியே எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. மாதப் பில் போடும் வாரத்தில் ஒரே ஸ்லாபைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால்தான் நாலு கணக்கு வரும்.

இவற்றை இணைக்கும் பொறுப்பு கைக்கு வந்ததும் புதியவர்கள் முதலில் தேடுவது இணைப்பு மென்பொருளை. அது கடைசி வேலை. குறியீடும் ஆயத்தொலைவும் அலகும் ஒத்துவராத இடத்தில் இணைப்பைப் போட்டால், முன்பு மாதம் ஒரு தடவை வந்த குழப்பம் மணிக்கொரு தடவை வரும். ஆகவே கீழே உள்ள ஒழுங்கைக் குலைக்க வேண்டாம்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லாத் தரப்புக்கும் உத்தரவு போடக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் உரிமையாளரின் புரொஜெக்ட் மனேஜராகவும் இருக்கலாம், பிரதான கொன்ட்ராக்டரின் ஆளாகவும் இருக்கலாம். அவர் இல்லாவிட்டால், கோப்பை வேறு அமைப்பில் திரும்ப எடுத்துத் தரச் சொல்லி நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஆர்க்கிடெக்ட் ஒஃபிஸிலிருந்து பதிலே வராது. ஒப்பந்தத்தில் மாடலைப் பற்றி, அதாவது கணினியில் செய்த முப்பரிமாணக் கட்டடத்தைப் பற்றி, ஒரு வரியும் இல்லையென்றால் வாதாடிப் பயனில்லை. யார், எதை, எந்த வடிவில், எந்த நாளில் தருவது என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் இந்தத் திட்டத்தின் உண்மையான கோப்பு ஒன்றையும் வாங்கி வையுங்கள். விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கோப்பில் எதுவும் பிழைக்காது. ஈ.ஆர்.பி.யிலிருந்து தரவை வெளியே எடுக்கத் தனி அனுமதியோ கட்டணமோ உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு இதைக் கேட்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

1. ஒரே ஒரு கேள்வியைத் தெரிவு செய்யுங்கள்

“எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைப்போம்” என்று தொடங்கிய திட்டம் முடிந்ததை நான் பார்த்ததில்லை. பதில் கிடைக்காமல் மாதாமாதம் எல்லோரும் திண்டாடும் கேள்வி ஒன்றை எடுங்கள். கொழும்பு சைட்டுகளில் அது அநேகமாக இதுதான்: “ஏழாம் மாடி ஸ்லாபில் எவ்வளவு கொங்கிறீட் ஊற்றியாயிற்று, அதில் எவ்வளவுக்கு பில் போட்டாயிற்று?”

இந்த ஒரு கேள்வி மாடல், வேலை அட்டவணை, ஸ்டோர்ஸ், பி.ஓ.கியூ. (ஒவ்வொரு வேலையின் அளவும் விலையும் எழுதிய பட்டியல்), கணக்கு ஐந்தையும் தொட்டுவிடும். இதற்குப் பதில் வரும் பாதையை அமைத்துவிட்டால் மற்றக் கேள்விகளுக்கும் அதே பாதைதான்.

2. எந்தத் தரவுக்கு யார் உரிமையாளர் என்று தீர்மானியுங்கள்

ஒரு தாளை எடுத்து, அந்தக் கேள்விக்குத் தேவையான ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே ஒரேயொரு மென்பொருளின் பெயரை எழுதுங்கள். ஸ்லாபின் கனவளவுக்கு ஸ்ட்ரக்சரல் மாடல். திட்டமிட்ட நாளுக்கு பிரைமவேரா. ஊற்றிய நாளுக்கு சைட் பதிவேடு. விலை வீதத்துக்கு பி.ஓ.கியூ. செலுத்திய தொகைக்கு ஈ.ஆர்.பி.

ஒரு வரிக்கு எதிரே இரண்டு பெயர் வந்தால் நிறுத்துங்கள். இரு இடத்திலும் திருத்தலாம் என்று விட்டால் எது பிந்தியது என்று பார்க்க ஆள் வைக்க வேண்டிவரும். உரிமையுள்ள இடத்தில் மட்டும் திருத்தம், மற்ற இடங்களில் வாசிப்பு மட்டும்.

எந்தக் கோப்பை நம்புவது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். கட்டடத் தகவல்களைக் கையாள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை கோப்பை நான்கு நிலைகளில் வைக்கச் சொல்கிறது: வேலை நடப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்துக்குப் போனது. தரநிலை முழுவதையும் பின்பற்ற ஆளும் நேரமும் இல்லாத சிறிய ஒஃபிஸும் இந்த நான்கு கோப்புறைகளையாவது வைக்கலாம். இணைப்பு எப்போதும் பகிர்ந்ததிலிருந்தோ வெளியிட்டதிலிருந்தோ மட்டும் எடுக்கட்டும். வரைந்துகொண்டிருக்கும் கோப்பிலிருந்து எடுத்தால், பாதி அழித்து வைத்த தூணும் கணக்கில் விழும்.

3. எல்லோருக்கும் பொதுவான குறியீட்டை உருவாக்குங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. மாடலில் ‘ஸ்லாப் 175’, அட்டவணையில் ‘ஏழாம் மாடி டெக்’, பி.ஓ.கியூ.வில் ‘தொங்கு ஸ்லாப், கிரேட் 30’ என்று இருப்பவை ஒரே பொருள் என்று மனிதருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது.

கோபுரம், மாடி, வலயம், உறுப்பு வகை, எண் என்ற வரிசையில் ஒரு குறியீடு போதும். ‘டி1-எல்07-இஸட்2-எஸ்எல்-014’ என்றால் முதல் கோபுரம், ஏழாம் மாடி, இரண்டாம் வலயம், ஸ்லாப், பதினான்காவது. இதைவிட நீளமாக்கினால் சைட்டில் யாரும் எழுத மாட்டார்கள்.

மாடி எண்ணில் கவனம். நம் ஆட்களுக்குத் தரைத்தளம் ‘ஜி’, அதற்கு மேல் ‘1’. சீனக் கம்பனியின் வரைபடத்தில் தரைத்தளமே ‘1’. விற்பனைப் பிரிவு 13ஐத் தாண்டி 14 என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே கட்டும் வரிசைக்கு ஓர் எண்ணை நிலையாக வைத்து, மற்றவர்களின் பெயர்களை அதன் எதிரே ஓர் அட்டவணையில் எழுதி வையுங்கள். யாருடைய பெயரையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

“மாடலில் ஒவ்வொரு உறுப்புக்கும் தானாகவே ஓர் அடையாள எண் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். மென்பொருள்களுக்குப் பொதுவான ஐ.எஃப்.சி. கோப்பில் (படி 5) 22 எழுத்துகள் கொண்ட அந்த அடையாளம் உண்மையில் உண்டு, பயனுள்ளதும்கூட. ஆனால் எஞ்சினியர் ஒரு ஸ்லாபை அழித்துத் திரும்ப வரைந்தால் அடையாளம் புதிதாகிவிடும். முதல் கோபுரத்தின் கோப்பைப் பிரதி எடுத்து இரண்டாம் கோபுரத்தைச் செய்திருந்தால் இரண்டிலும் அதே அடையாளங்கள் இருக்கும். எனவே இரண்டையும் சேமியுங்கள். பொருத்திப் பார்ப்பது உங்கள் குறியீட்டால், அடையாளம் மாறியிருந்தால் அதை எச்சரிக்கையாக எடுங்கள்.

பிரைமவேராவிலும் இதே கதை. தரவுத்தளத்தின் உள் எண்ணை எடுக்காதீர்கள். கோப்பை வேறு கணினியில் ஏற்றும்போது அது மாறும். பிளானர் கண்ணால் பார்க்கும் செயற்பாட்டு எண்ணை எடுங்கள், திட்டத்தைத் திருத்தும்போது அதை மறுபடி எண்ணிடக்கூடாது என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

எக்செலுக்கு ஒரு தனிப் பந்தி வேண்டும். ‘07-02’ என்று எழுதினால் அது திகதியாகிவிடும், ‘0014’ வெறும் 14 ஆகும். குறியீடு எழுத்தில் தொடங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரண்டு தரம் கிளிக் செய்து திறக்காமல், தரவு மெனு வழியாக உள்ளெடுத்து, குறியீட்டு நிரலை ‘உரை’ என்று குறித்துவிடுங்கள்.

தொழிலாளர் பட்டியலை இணைப்பதானால் எழுத்துருவைப் பாருங்கள். பழைய பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் பாமினியிலும் சிங்களப் பெயர்கள் எஃப்.எம். அபயவிலும் இருக்கும். எழுத்துருவைக் கழற்றினால் மிஞ்சுவது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோர்வை. யூனிகோடுக்கு மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. அடையாள அட்டை எண்ணை நம்பியும் பொருத்தாதீர்கள். ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய ஒன்பது இலக்க எண்ணோடும் இன்னோரிடத்தில் புதிய 12 இலக்க எண்ணோடும் பதிவாகி இரண்டு பேராகிவிடுவார்.

4. ஆயத்தொலைவையும் அலகையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஆர்க்கிடெக்டின் மாடலையும் சேர்வேயரின் கோப்பையும் சேர்த்துத் திறந்தால் திரை வெறுமையாக இருக்கும். எல்லாவற்றையும் சுருக்கிப் பார்த்தால் இரண்டு மூலைகளில் இரண்டு புள்ளிகள். புதியவர்கள் கோப்பு பழுது என்று நினைக்கிறார்கள். கோப்பு பழுதில்லை, இலங்கையில் இரண்டு ஆயத்தொலைவுக் கட்டங்கள் புழக்கத்தில் இருப்பதுதான் காரணம்.

பழைய கண்டவளைக் கட்டத்தில் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கும் வடக்கும் 200,000 மீற்றர். புதிய எஸ்.எல்.டி. 99 கட்டத்தில் அவை 500,000. இரண்டுக்கும் தொடக்கம் பிதுருதலாகலை மலைப் பக்கம்தான். ஆகவே கொழும்பு கோட்டைப் பகுதிப் புள்ளி ஒன்று எஸ்.எல்.டி. 99இல் கிழக்கு 397 ஆயிரம் சொச்சம், வடக்கு 492 ஆயிரம் சொச்சம் என்று வரும். பழைய கட்டத்தில் அதுவே கிழக்கு 97 ஆயிரம், வடக்கு 192 ஆயிரம் அளவில் நிற்கும். பிளானில் உள்ள எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம்.

300,000ஐக் கழித்தால் சரி என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நில அளவைகளிலிருந்து பிறந்தவை, வெறும் கழித்தலில் அவை துல்லியமாகப் பொருந்தா. சேர்வேயரிடமே முறையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் என்று குறிக்க மென்பொருளில் கேட்கும் ஈ.பி.எஸ்.ஜி. எண் பழையதற்கு 5234, புதியதற்கு 5235.

இந்தப் பெரிய எண்களை அப்படியே மாடலுக்குள் கொண்டுவரவும் வேண்டாம். ரெவிட் அதன் உள் மையத்திலிருந்து 16 கிலோமீற்றருக்கு அப்பால் போனால் வடிவங்களைச் சரியாகக் காட்டாது. கட்டடத்தின் தூண் வரிசைக் கோடுகள் இரண்டு வெட்டும் புள்ளி ஒன்றைத் தெரிவுசெய்து, கட்டடத்தை அதன் அருகே வரைந்து, அந்தப் புள்ளியின் உண்மையான ஆயத்தொலைவையும் உயரத்தையும் வடக்கிலிருந்து திரும்பிய கோணத்தையும் தனியே பதியுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காணிகள் கரையோரத்தை ஒட்டிச் சாய்ந்தே கிடப்பதால் கோணத்தை மறந்தால் உடனே தெரியும். ஐ.எஃப்.சி.யின் 4ஆம் பதிப்பில் இவற்றையெல்லாம் எழுதத் தனி இடம் உண்டு. 2x3 பதிப்பில் இல்லை, அங்கே எல்லோரும் ஒரே மையப் புள்ளியில் ஒத்துப்போவதுதான் வழி.

அலகில் மாடல் மில்லிமீற்றர், சேர்வே மீற்றர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொறி. தெரியாதது ஸ்டோர்ஸ் பக்கம். மணலும் சல்லியும் இன்னும் கியூப் கணக்கில்தான் வருகின்றன. 1 கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். கம்பி மாடலில் கிலோ, வாங்கும்போது தொன், சைட்டில் எண்ணிக்கை. 16 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 1.58 கிலோ என்பது போன்ற மாற்றுக் காரணிகளை ஒரே அட்டவணையில் வையுங்கள். ஆளாளுக்குத் தன் எக்செலில் 2.8 என்றும் 2.83 என்றும் வைத்தால் மாதக் கடைசியில் அந்தச் சிறிய வித்தியாசத்தைத் தேடியே இரவு போகும்.

5. மாடலை வெளியே எடுத்துச் சோதியுங்கள்

வெவ்வேறு மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம் ஐ.எஃப்.சி. பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு பேணுவது, ஐ.எஸ்.ஓ. 16739 என்று தரநிலையானது. எந்தப் பதிப்பு என்பதை எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 2x3, இன்னொருவர் 4 என்று அனுப்பினால் கோப்பு திறக்கும், ஆனால் பண்புகள் வேறு இடத்தில் கிடக்கும்.

முழுக் கட்டடத்தையும் முதலில் எடுக்காதீர்கள். ஒரு தூண், ஒரு பீம், ஒரு ஸ்லாப், ஒரு கதவு, ஒரு குழாய் மட்டும் உள்ள சிறிய கோப்பை ஒவ்வொரு தரப்பிடமும் செய்யச் சொல்லுங்கள். அதைத் திறந்து, ஸ்லாப் ஸ்லாபாகவே வந்திருக்கிறதா, உங்கள் குறியீடு கூடவே வந்திருக்கிறதா, மாடி சரியா என்று பாருங்கள். வகைப்படுத்தாமல் எடுத்த பொருள்கள் ‘புரொக்ஸி’ என்ற பொதுப் பெயரில் வந்து நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கணக்கில் வராது.

இதைக் கையால் பார்ப்பது சலித்தால், எந்த உறுப்பில் எந்தப் பண்பு கட்டாயம் என்பதை ஐ.டி.எஸ். கோப்பாக எழுதிவிடலாம். பொன்சாய் போன்ற இலவச மென்பொருளே அதைப் படித்து விடுபட்டதைக் காட்டும். கோப்பைத் தருபவர் அனுப்ப முன் தானே சோதிக்கலாம், நீங்கள் குறை சொல்லும் ஆளாக நிற்கத் தேவையில்லை.

6. அளவுகளைச் சமப்படுத்த முயலாதீர்கள்

கணக்கு இணைப்பில் ஆகக்கூடிய சண்டை இங்கேதான். மாடல் சொல்லும் கனவளவு, பில்லில் அளந்த கனவளவு, லொறியில் வந்த கனவளவு மூன்றும் மூன்று விடயங்கள். அவை ஒன்றாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

28 மீற்றருக்கு 14 மீற்றர், 175 மில்லிமீற்றர் தடிப்பு ஸ்லாப் என்று வைத்துக்கொள்வோம். மாடல் 68.6 கன மீற்றர் காட்டும். 6 கன மீற்றர் லொறி 12 வந்தால் ஸ்டோர்ஸில் 72. அந்த 3.4 கன மீற்றர் சேதாரம், பம்புக் குழாயில் மிஞ்சியது, கொங்கிறீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை (ஃபோர்ம்வேர்க்) சற்று இறங்கியது எல்லாம் சேர்ந்தது. இணைப்பு அதை அழிக்கக்கூடாது, காட்ட வேண்டும். மூன்றுக்கும் மூன்று நிரல்.

பில் அளவை மாடலிலிருந்து அப்படியே எடுக்க முடியாததற்கு இன்னொரு காரணம் அளக்கும் முறை. இங்கே கட்டட வேலை அளப்பதற்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 573 தனக்கென விதிகள் வைத்திருக்கிறது. மாடலோ வரைந்ததை வரைந்தபடி எண்ணும். பீமையும் ஸ்லாபையும் இணைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்திருந்தால், 300 மில்லிமீற்றர் அகலப் பீம் மீற்றருக்கு 0.0525 கன மீற்றர் இரண்டு தரம் எண்ணப்படும். ஒரு மாடியில் 150 மீற்றர் பீம் இருந்தால் அது 7.9 கன மீற்றர், ஒரு லொறியைவிடக் கூட. எனவே ஒரு மாடியைக் கியூ.எஸ். கையால் அளந்து மாடலோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாக விளங்கிய பிறகுதான் மற்ற மாடிகளுக்குப் போக வேண்டும்.

ஒப்பந்தம் பி.ஓ.கியூ.வில் நிற்கும்வரை பில்லுக்கு இறுதி வார்த்தை அதுவே. மாடல் கியூ.எஸ்.சுக்கு உதவி, அவருக்கு மேலதிகாரி அல்ல. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் கியூ.எஸ். பிரிவு உங்கள் பக்கம் வரும்.

7. திகதிகளைச் சரிபாருங்கள்

இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட ஐந்தரை மணி முந்தியது. முதலாம் திகதி நள்ளிரவு என்று பதிந்த நாளை ஒரு மென்பொருள் யு.டி.சி.க்கு மாற்றி அனுப்பினால், மறுபக்கம் அது முந்தின மாதக் கடைசி நாள் மாலை 6.30. முதலாம் திகதி ஊற்றிய கொங்கிறீட் போன மாதப் பில்லில் போய் உட்காரும். நேரம் தேவையில்லாத இடத்தில் திகதியை மட்டும் அனுப்புங்கள். அது முடியாவிட்டால் நண்பகல் 12 மணி என்று பதியுங்கள்.

நாட்காட்டியும் கோப்போடு ஒழுங்காகப் போகும் என்று நம்ப வேண்டாம். போயா விடுமுறைகளும் ஆறு நாள் வாரமும் பிரைமவேராவில் போட்டிருக்கும், எம்.எஸ். புரொஜெக்டுக்கு மாற்றிய பிறகு முடிவு நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் காரணம் அநேகமாக நாட்காட்டி.

8. இப்போது இணையுங்கள், முதலில் கையால்

முதல் இரண்டு பில் காலத்துக்கு சி.எஸ்.வி. கோப்பை எடுத்து, பார்த்து, ஏற்றுங்கள். மெதுவான வழிதான், ஆனால் பிழை எங்கே பிறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதன்பின், மென்பொருள்கள் நேரடியாகத் தரவு பரிமாறும் ஏ.பி.ஐ. வழியாகத் தானியங்கியாக்கலாம்.

தானியங்கியில் மூன்று விடயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை வரி வந்தது, எத்தனை ஏறியது, எத்தனை தள்ளுபடியானது என்ற எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் பதிவாக வேண்டும். தள்ளுபடியான வரிகள் பெயர் குறித்த ஒருவருக்குப் போக வேண்டும், யாரும் திறக்காத பொது மின்னஞ்சலுக்கு அல்ல. அதே கோப்பை இரண்டு தரம் ஏற்றினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணையம் விட்டுவிட்டு வரும் நாளில் ஒரே ஜி.ஆர்.என். (பொருள் பெற்றதற்கான ஸ்டோர்ஸ் குறிப்பு) இரண்டு தரம் கணக்கில் ஏறும்.

9. கேள்வி பதில்களையும் இதே குறியீட்டில் கட்டுங்கள்

வடிவமைப்பு முரண்பாடுகளை மென்பொருள்களுக்கிடையே கொண்டுபோக பி.சி.எஃப். கோப்பு போதும். முரண்பாடு எங்கே, எந்தக் கோணத்தில் பார்த்தது, எந்த உறுப்பு என்பவை படத்தோடு அதில் போகும், முழு மாடலையும் அனுப்பத் தேவையில்லை.

வாட்ஸ்அப்பைத் தடை செய்யப் பார்க்காதீர்கள், நடக்காது. பதிவேட்டில் ஓர் எண் கிடைக்கும்வரை அங்கே எடுத்த முடிவு முடிவல்ல என்ற ஒரே விதி போதும். சூப்பர்வைசர் படம் அனுப்பும்போது உறுப்பின் குறியீட்டையும் சேர்த்து எழுதட்டும். தூணில் சோக்கால் எழுதிப் படத்துக்குள் வரச் செய்தாலும் நல்லதுதான்.

10. ஓட வைத்த பிறகு

திட்டத்தின் நடுவில் யாரும் தன்னிச்சையாக மென்பொருளைப் புதுப்பிக்கக்கூடாது. புதுப்பித்தே ஆக வேண்டுமென்றால், படி 5இல் செய்த சிறிய கோப்பைப் புதிய பதிப்பில் எடுத்து, பழையதோடு ஒப்பிட்ட பிறகு அனுமதியுங்கள்.

குறியீட்டு அட்டவணை, மாடிப் பெயர் அட்டவணை, மாற்றுக் காரணி அட்டவணை மூன்றையும் வெளியிட்ட கோப்புறையில் பதிப்பு எண்ணோடு வையுங்கள். இணைப்பு ஓடும் கணக்கு கம்பனி மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர் ஒரு மாத அறிவித்தலில் கத்தாருக்கோ டுபாய்க்கோ போவது நம் துறையில் சாதாரணம். அவரின் தனிப்பட்ட ஜிமெயிலில் கடவுச்சொல் இருந்தால் அடுத்த பில்லுக்கு எல்லோரும் திரும்ப எக்செலுக்குத்தான்.